வாயிற்படி ஏறாத சட்டம்

தியாகதுருகத்தில் ஒரு மலை. மலைமேல் ஒரு கோட்டை. ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ‘துருகம்’ என்னும் வடசொல்லுக்கு அரண் என்பதே பொருள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சியரும் ஆங்கிலரும் இக்கோட்டைக்காக ஒருவரோடொருவர் பொருதனர், முற்றுகைகள் நடந்தன, கோட்டை கைமாறியது. வெளியிலிருந்து வரும் பகைக்கு அரண் கட்டத் தெரிந்த ஊர் அது. ஆனால் அம்மலையடியில், கதவு சாத்திய வீட்டுக்குள், விளக்கணைந்த பின் ஒரு பெண்ணின் முதுகில் விழும் அடிக்கு அரண் எது? அந்தப் பகைவன் மதிலேறி வருவதில்லை. வாயில் வழியாகவே வருகின்றான். அமர்ந்து சோறு கேட்கின்றான். சோற்றில் உப்புக் குறைந்தது என்று கையோங்குகின்றான்.

தியாகதுருகத்தை மட்டும் சுட்டிப் பழிப்பதற்கில்லை. நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. 18 முதல் 49 வரை அகவையுள்ள மணமான பெண்களுள், கணவனின் வன்முறைக்கு ஒருமுறையேனும் ஆளானவர் இந்திய அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் என்றும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 38 பேர் என்றும் அது சொல்கின்றது. எண்ணிப் பாருங்கள்! கல்வியில் முன்னே நிற்கும் நாடு. பெண்ணைத் தெய்வமென்று மேடைதோறும் முழங்கும் நாடு. அடிபடும் பெண்களின் கணக்கில் மட்டும் இந்திய அளவையும் விஞ்சி நிற்கின்றது. அதைவிடக் கொடிய கணக்கு ஒன்றும் அதில் உண்டு. உடலாலும் பாலியலாலும் கொடுமைப்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 77 பேர், இந்திய அளவில், எவரிடமும் உதவி கேட்கவுமில்லை; வாய்திறந்து சொல்லவுமில்லை. அந்த 77 வாய்களும் ஏன் மூடிக்கிடக்கின்றன என்பதே தமிழ்க்குமுகம் விடைசொல்ல வேண்டிய வினா.

மூங்கில் எப்படி வந்தது?

மனுநூல் மனைவியையும் மகனையும் அடிமையையும் ஒரே வரிசையில் நிறுத்தி, தவறு செய்தால் கயிற்றாலோ பிளந்த மூங்கிலாலோ அடிக்கலாம் என்று இசைவு தந்தது. ஆரியத்தின் அந்தக் கொடுமையை எடுத்துச் சொல்லித் தமிழன் கைதட்டு வாங்கிக்கொள்கின்றான். நன்று. ஆனால் மனுநூலின் ஒரு வரியைக்கூடப் படித்தறியாத தமிழன் கையில் அந்த மூங்கில் எப்படி வந்தது? ‘கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருசன்’ என்று சொல்லிக்கொடுத்தவர் எவர்? ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று அழுதுகொண்டு வந்த மகளைத் திருப்பி அனுப்பியவர் எவர்? பெற்ற தாயும் தந்தையும் அல்லரோ! ‘புருசன்’ என்னும் வடசொல்லைக் களைந்து ‘கணவன்’ என்று தூய தமிழில் எழுதிவிட்டு, அச்சொல்லுக்குள் குந்தியிருக்கும் ஆண்டானைக் களையாமல் விட்டால், அது தனித்தமிழ் ஆகாது, தனிப்பொய்யே ஆகும். மொழித்தூய்மை வாயோடு நிற்பதன்று. அது கைக்கும் வேண்டும்.

‘கணவன் மனைவிக்கு இடையே சட்டத்துக்கு என்ன வேலை?’ என்று வினவுவோர் தொல்காப்பியரிடம் போய்க் கேட்கட்டும். மணவினைக்குக் கட்டுப்பாடு அமைந்ததே, கொடுத்த சொல்லில் மக்கள் பிறழத் தொடங்கிய பின்னர்த்தான் என்பது அவர் கண்ட உண்மை. அன்பு வாய்மையோடு இருக்கும்வரை கட்டுப்பாடு வேண்டா. அன்பு பொய்த்த இடத்தில் முறை வேண்டும். இல்லறத்துள் முறை நுழைவது தமிழ்ப் பண்பாட்டுக்கு மாறானதன்று. தமிழ்ப் பண்பாடே அதுதான்.

இரண்டு சட்டங்கள்

சட்டம் இல்லையா? உண்டு. ஒன்றன்று, இரண்டு. அவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைத்தான் பெண்களுக்கு எவரும் சொல்லவில்லை.

முதலாவது, 1983இல் இந்தியத் தண்டச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498அ என்னும் பிரிவு. மனைவியைக் கொடுமை செய்யும் கணவனையும் அவன் சுற்றத்தாரையும் மூன்றாண்டு வரை சிறையிட அது வழி செய்தது. 2024 சூலை முதல் நாள் தொட்டு நடைமுறைக்கு வந்த புதிய தண்டச் சட்டத்தில் அது 85ஆம் பிரிவாக நிற்கின்றது. குற்றம் செய்தவனை ஒறுப்பதே அதன் வேலை. அவ்வேலை வேண்டியதே. ஆனால் அடிபட்ட பெண் காவல்நிலையத்து வாயிலில் நின்று எண்ணுவது வேறு. ‘அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் நாளைக்குக் கூலி எது? பிள்ளைகளுக்குச் சோறு எது? மாமியார் வீட்டுக் கதவு மறுபடி திறக்குமா?’ இந்த மூன்று வினாக்களுக்கும் அந்தச் சட்டத்தில் விடையில்லை. ஆகவே அவள் திரும்பி நடக்கின்றாள்.

அம்மூன்று வினாக்களுக்கும் விடைசொல்லவே இரண்டாவது சட்டம் வந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் அச்சட்டத்துக்கு 2005 செபுதம்பர் 13இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 2006 அக்தோபர் 26இல் அது நடைமுறைக்கு வந்தது. அடி மட்டுமே கொடுமை என்று அது சொல்லவில்லை. இழிசொல்லும் கொடுமை, பாலியல் வன்மையும் கொடுமை, செலவுக்குப் பணம் தராமல் வாட்டுவதும், அவள் நகையை விற்றுத் தின்பதும், அவள் கூலியைப் பிடுங்குவதும் கொடுமையே என்று வகுத்தது. அடிப்பதை நிறுத்தென்று ஆணையிட நடுவருக்கு அது வழி தந்தது. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பிழைப்புத்தொகை கொடு என்றது. எல்லாவற்றினும் மேலாக, வீடு எவர் பெயரில் இருப்பினும் அவள் வாழ்ந்த வீட்டில் அவள் வாழ்வாள் என்றது. அவளை வெளியேற்றாதே; வேண்டுமானால் நீ வெளியேறு என்று கணவனிடம் சொல்லும் ஆற்றலையும் நடுவர்க்குத் தந்தது. அவ்வாணையை மீறினால்தான் சிறை. ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 உருபா வரை தண்டத்தொகை, அல்லது இரண்டும்.

இதில் குடும்பம் எங்கே உடைகின்றது? கணவனைச் சிறையிடாமல், மனைவியைத் தெருவில் விடாமல், அடியை மட்டும் நிறுத்தச் சொல்லும் சட்டம் இது. குடும்பம் உடைகின்றது என்று கூச்சலிடுவோர் ஒன்றைச் சொல்லட்டும்: குடும்பத்தை உடைப்பது ஆணை எழுதும் நடுவரின் எழுதுகோலா, கணவன் கையிலுள்ள விறகுக்கட்டையா?

பிறந்த வீட்டைப் பற்றியும் ஒரு சொல். கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு 1989இல் மகளிர்க்கு மூதாதையர் சொத்தில் ஆண்மக்களோடு ஒத்த பங்கு வழங்கியது. அவ்வுரிமையை 2005 செபுதம்பர் 9இல் இந்திய அரசு நாடு முழுமைக்கும் விரித்தது. நான்கு நாள் கழித்துக் குடும்ப வன்முறைச் சட்டம் ஒப்புதல் பெற்றது. பிறந்த வீட்டில் பங்கு, புகுந்த வீட்டில் இடம் என்று இரண்டு கால்களையும் ஒரே கிழமையில் பெண்ணுக்குச் சட்டம் தந்தது. ஆனால் பிறந்த வீட்டார் அவளிடம் விடுதலை ஆவணத்தில் கைந்நாட்டு வாங்கிக்கொண்டு ஒரு காலை வெட்டுகின்றனர். புகுந்த வீட்டார் கழுத்தைப் பிடித்துத் தள்ளி மறுகாலை வெட்டுகின்றனர். பிறகு, ‘தமிழ்ப்பெண் பொறுமையின் வடிவம்’ என்று பாட்டெழுதுகின்றனர். கால் இரண்டும் போனவளுக்குப் பொறுமையன்றி வேறென்ன மிஞ்சும்?

வாயிலும் மன்றமும்

இத்துணை நல்ல சட்டம் ஏன் அடியை நிறுத்தவில்லை? சட்டம் மன்றத்திலேயே உட்கார்ந்திருக்கின்றது, வாயிற்படி ஏறவில்லை.

வாயிற்படி ஏறுவதற்கென்றே சட்டம் ஓர் ஆளை அமர்த்தியது. அவர் பெயர் பாதுகாப்பு அலுவலர். பெண்ணின் முறையீட்டைக் கேட்டு அறிக்கை எழுதுவது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, கட்டணமின்றி வழக்குரைஞர் கிடைக்கச் செய்வது, நடுவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஆணை நிறைவேறுகின்றதா என்று பார்ப்பது அனைத்தும் அவர் கடமை. கடமை தவறினால் அவர்க்கும் ஓராண்டு வரை சிறை உண்டென்று சட்டம் எழுதிவைத்தது; ஆயினும் அவர்மேல் வழக்குத் தொடுக்க அரசின் இசைவு வேண்டும் என்று அடுத்த பிரிவிலேயே அந்தப் பல்லைப் பிடுங்கியும்விட்டது. வழக்கு மூன்று நாளுக்குள் நடுவர் முன் வரவேண்டும். அன்றிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயலவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் சொல்லே. அந்த 60 நாள் எத்தனை வீடுகளில் ஈராண்டும் மூவாண்டும் ஆயின என்பதை நயன்மன்றத்துத் திண்ணையில் காத்திருக்கும் பெண்களைக் கேட்டால் தெரியும்.

தியாகதுருகத்துப் பெண்ணொருத்தி முன்பு மாவட்டத் தலைநகருக்குப் போகவேண்டுமென்றால் உளுந்தூர்ப்பேட்டை கடந்து விழுப்புரம் வரை போகவேண்டும். 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. தலைநகர் அருகில் வந்தது. நல்லதே. ஆனால் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் வாழும் பெண்ணுக்கு? அவள் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வந்து, பின் கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து பிடிக்கவேண்டும். ஒருநாள் கூலி போகும், கைக்குழந்தையைத் தூக்கிச் செல்லவேண்டும், ‘எங்கே போனாய்?’ என்று மாலையில் மறுபடி அடி விழும். மாவட்டத் தலைநகரில் நாற்காலியிட்டு அமர்ந்திருக்கும் அலுவலர் அவளுக்கு அலுவலரல்லர். அவளறியாத ஒரு பெயர்ப்பலகையே ஆவார்.

இக்குறையை உச்சநயன்மன்றமே ஒப்புக்கொள்ள 20 ஆண்டு பிடித்தது. மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அமர்த்துக என்று 2025 மே திங்களில் அது மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 2005இலேயே சட்டத்தில் எழுதப்பட்ட ஒன்றைச் செய்யச் சொல்லி 2025இல் ஆணை! அரசுகள் எத்துணை ஆழ்ந்து உறங்கின என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

நயன்மன்றமும் தன் பங்குக்குத் தவறியதுண்டு. மாமனார், மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகளுக்கு வாழும் உரிமையில்லை என்று 2006இல் உச்சநயன்மன்றம் சட்டத்தைச் சுருக்கியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வீடு பெரும்பாலும் மாமனார் பெயரில் இருப்பதை எவரறியார்! ‘வீடு என் அப்பன் பெயரில்’ என்ற ஒரே சொல் மருமகளைத் தெருவில் நிறுத்தப் போதுமானதாயிற்று. அத்தீர்ப்பு பிழையென்று 2020 அக்தோபரில் அம்மன்றமே திருத்தியது. இடையில் கழிந்தவை 14 ஆண்டுகள். அந்த 14 ஆண்டில் வீடிழந்தவர்களுக்கு எந்தத் தீர்ப்பு வீடு தரும்?

ஊர்ப்பெரியவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘நாங்கள் பேசித் தீர்த்துவைக்கின்றோம்’ என்பர். என்ன தீர்ப்பர்? ‘இனி அடிக்கமாட்டேன்’ என்று அவன் சொல்லவேண்டும். ‘இனி எதிர்த்துப் பேசமாட்டேன்’ என்று அவள் சொல்லவேண்டும். அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே தட்டில் நிறுத்தி இருவர்க்கும் அறிவுரை கூறுவது நடுவுநிலையன்று. அடித்தவன் பக்கம் சாய்ந்த துலாக்கோலே அது. காவல்நிலையத்திலும் இதே ‘இணக்கப் பேச்சு’ நடக்கின்றது. 1992இல் தமிழ்நாடு அனைத்து மகளிர் காவல்நிலையத்தைத் தொடங்கியது பெண்ணின் வாய் திறப்பதற்காக. முறையிட வரும் பெண்ணிடம் அவளுடைய உரிமைகளையும், பாதுகாப்பு அலுவலர் உண்டென்பதையும், கட்டணமில்லா வழக்குரைஞர் உண்டென்பதையும் காவலர் எடுத்துச் சொல்லியே தீரவேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. எடுத்துச் சொல்லாமல், ‘பொறுத்துப்போ அம்மா’ என்று திருப்பி அனுப்பும் காவலர் அறிவுரை கூறவில்லை, சட்டத்தை மீறுகின்றார்.

எந்த மொழியில் அழுவது?

கண்ணகி பாண்டியன் வாயிலில் வந்து நின்றாள். வாயிற்காவலன் ஓடிப்போய் மன்னனிடம் அவள் வரவை உரைத்தான். அவள் அவைக்குள் சென்று தன் வாயால், தன் மொழியால் வழக்குரைத்தாள். இடையில் மொழிபெயர்ப்பவன் நிற்கவில்லை, மறுதவணை இல்லை. அங்கேயே உண்மை வெளிப்பட்டது; தவறுணர்ந்த வேந்தன் உயிர் துறந்தான். வாயிற்காவலன் கடமை செய்தான், மன்றம் அவள் மொழியில் கேட்டது, காலந்தாழ்த்தவில்லை. இம்மூன்றும் சேர்ந்ததே முறை. இன்றோ வாயிற்காவலனாகிய அலுவலர் இல்லை, காலமும் இல்லை, மொழியாவது உண்டா?

பெண்ணைக் காக்கும் பிரிவு அடங்கிய புதிய தண்டச் சட்டத்தின் பெயர் ‘பாரதிய நியாய சன்கிதா’. தன்னைக் காக்கும் சட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பெண் தன் நாவால் சொல்லக்கூட முடியாதபடி வடமொழியில் பெயர் வைத்துவிட்டனர். கொடுமைக்காளான பெண்ணுக்கு மருத்துவமும் தங்குமிடமும் வழக்குத்துணையும் ஓரிடத்தில் தரும் நடுவங்களை 2015இல் தொடங்கினர்; அதற்கும் ‘சகி’ என்றே பெயர். தோழி என்னும் சொல் தமிழில் இரண்டாயிரம் ஆண்டாக வாழ்கின்றது. தலைவியின் துயரறிந்து அவளுக்காக வாய்திறப்பவள் தோழியே என்று அகப்பாட்டுகள் நெடுகக் காட்டும். அந்தத் ‘தோழி’ தில்லிக்காரர் செவியில் விழவில்லை.

கீழ் நயன்மன்றங்களில் தமிழே ஆட்சிமொழி என்று சட்டம் இருந்தும், முறையீட்டையும் எதிருரையையும் ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தன் முதுகில் விழுந்த அடியைப் பற்றித் தன் பெயரில் எழுதப்பட்ட தாளில், தனக்கு விளங்காத மொழிக்கடியில் அவள் கைந்நாட்டு வைக்கின்றாள். மேன்முறையீடென்று உயர்நயன்மன்றம் போனால் அங்கே ஆங்கிலமே. சென்னை உயர்நயன்மன்றத்தில் தமிழ் வேண்டுமென்று 2006 திசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் செய்தது. உத்தரப்பிரதேசம், பீகார், இராசத்தான், மத்தியப்பிரதேசம் ஆகிய நான்கு மாநில உயர்நயன்மன்றங்களில் இந்திக்கு இடம் தந்த இந்திய அரசு, தமிழுக்குக் கதவடைத்தது. மொழியுரிமை புலவரின் பொழுதுபோக்கு என்று நகைப்போர், அந்தத் தாளைக் கையிலேந்தி நிற்கும் பெண்ணைப் பார்க்கட்டும். அவளுக்கு மொழியுரிமை உயிருரிமை.

இரண்டு எதிருரைகள்

‘பெண்கள் பொய்வழக்குப் போடுகின்றனர்’ என்பது முதல் எதிருரை. பொய்வழக்கு இல்லாத சட்டம் எது? நிலவழக்கில் பொய்யில்லையா? கடன்வழக்கில் பொய்யில்லையா? அதற்காக நிலச்சட்டத்தை நீக்கச் சொன்னவர் உண்டா? 498அ வழக்கில் உடனே தளைப்படுத்தலாகாது, தேவையை ஆய்ந்தே செய்யவேண்டும் என்று 2014லேயே உச்சநயன்மன்றம் வரம்பு கட்டிவிட்டது. பொய்யைத் தடுக்கும் வழி இருக்கின்றது. மெய் வெளிவரும் வழியே இல்லை. நூற்றுக்கு 77 பேர் வாயே திறவாத நாட்டில், பொய்வழக்கு மிகுந்துவிட்டதென்று புலம்புவது, குளம் வறண்டு கிடக்கையில் கரை உடைந்துவிட்டதென்று கூவுவது போன்றது.

‘குடிதான் கரணியம், அவன் நல்லவன்’ என்பது இரண்டாவது. குடி கரணியங்களுள் ஒன்றென்பதில் ஐயமில்லை. ஆயினும் குடித்தவன் ஏன் காவலரை அடிப்பதில்லை? கடன் கொடுத்தவனை அடிப்பதில்லை? வீடு வரும்வரை தெளிவாயிருந்த அறிவு, மனைவியைக் கண்டதும் மயங்குவது எப்படி? அடிக்கலாம் என்ற துணிவு குடியில் பிறப்பதன்று. தட்டிக்கேட்பவர் இல்லை என்பதில் பிறப்பது. இருந்தும், அரசு இதில் கைகழுவ முடியாது. 2003 முதல் கடை வைத்துக் குடியை விற்பது தமிழ்நாட்டு அரசே. 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தார் குடும்பங்களுக்கு அரசு பத்து இலக்கம் உருபா வழங்கியது. அச்சாவுகளுக்குப் பின்னரே உயர்நயன்மன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்வைப் பற்றித் தானே முன்வந்து வழக்கெடுத்தது. குடியால் சாவு விழுந்த வீடு செய்தியாகின்றது. குடியால் அடி விழும் வீடு நாள்தோறும் இருந்தும் செய்தியாவதில்லை. பிணம் விழுந்த பிறகு வரும் அரசு, அடி விழும்போது வரவேண்டும்.

இன்னும் ஒரு பெருங்குறை சட்டத்திலேயே உண்டு. மனைவி குறிப்பிட்ட அகவை நிறைந்தவளாயின், அவள் ஒப்பின்றிக் கணவன் கூடுவது வன்புணர்வாகாது என்னும் விலக்கு ஆங்கிலர் காலத்துச் சட்டத்தில் இருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் பெயரை வடமொழியாக்கியது. அந்த விலக்கை மட்டும் நீக்காமல் வைத்துக்கொண்டது. ஆங்கிலர் சட்டத்தின் அடிமைக்கறையைத் துடைக்கின்றோம் என்றவர்கள், பெண்ணின் மேலிருந்த கறையைத் துடைக்கவில்லை.

செய்ய வேண்டியவை

அரசு செய்யவேண்டியவை தெளிவானவை. வட்டந்தோறும், கல்வராயன் மலைக்குத் தனியாகவும், வேறு வேலை சுமத்தப்படாத பாதுகாப்பு அலுவலர் அமர்த்தப்பட வேண்டும். மலைக்கும் சந்தைக்கும் அவர் நாள் குறித்துத் தாமே வரவேண்டும். அறிக்கையும் முறையீடும் ஆணையும் தமிழிலேயே இருக்கவேண்டும். எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்டிய பின்னரே கைந்நாட்டு வாங்கவேண்டும். இச்சட்டத்தை மக்களிடையே விடாது பரப்புவது அரசின் கடமை என்று அதன் 11ஆம் பிரிவு சொல்கின்றது. 2018 முதல் இயங்கும் 181 என்னும் மகளிர் தொலைபேசி எண், தியாகதுருகம் பேருந்து நிறுத்தத்திலும் வாரச்சந்தையிலும் பங்கீட்டுக் கடையிலும் தமிழில் எழுதப்பட்டிருக்கின்றதா? இதழைப் படிப்போர் நாளைக் காலையிலேயே சென்று பார்க்கட்டும். இல்லையெனில் தாமே எழுதிவைக்கட்டும். அதற்கு எந்த அரசின் இசைவும் வேண்டா.

அரசு செய்யும்வரை தமிழர் காத்திருக்க வேண்டியதில்லை. அழுதுகொண்டு வரும் மகளைத் திருப்பி அனுப்பாத தாய்தந்தை, சுவருக்கப்பால் அலறல் கேட்டால் கதவைத் தட்டும் அண்டை வீட்டார், ‘அடித்தவன் எங்கள் இயக்கத்தானாயினும் அவனுக்கு மேடையில்லை’ என்று சொல்லும் தமிழியக்கம் என இம்மூன்றும் சட்டத்துக்குக் கால்களாகும். சட்டத்துக்குத் தானே நடக்கும் கால்களில்லை. மக்களின் கால்களாலேயே அது நடக்கும். கொடுமை நடப்பதாக அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலர்க்குச் சொல்லலாம்; நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் எந்தப் பொறுப்பும் வாராது என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. அடிபட்டவளே வந்து சொல்லவேண்டும் என்று காத்திருப்பவன் அடித்தவனுக்குத் துணைநிற்பவனே.

தமிழர்களே! தியாகதுருகத்து மலைமேல் இருக்கும் அரண் கல்லால் ஆனது. இனிக் கட்டவேண்டிய அரண் அலுவலராலும் தாளாலும் தமிழாலும் அண்டை வீட்டாரின் தட்டும் கையாலும் ஆனது. அதை மலைமேல் கட்டவேண்டா. ஒவ்வொரு வீட்டின் வாயிற்படியில் கட்டுங்கள்!